வடம் இழுக்கச் சுட்ட பான்கேக்

சிலமலை ஊரில் மாட்டுப் பொங்கல் அன்று பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வடம் இழுப்பார்கள். ஒரு பக்கம் ஜீப்பில் ஏல மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். மறுபக்கம் பஸ் ஏறிப் போடிக்குப் போய், ஏலக்காய்க் கடைகளில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் வருஷம் முழுக்க ஒரு சண்டை சச்சரவு கிடையாது. பாதிப் பேர் ஒரே வீட்டுக்காரர்கள். ஆனால் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. கடந்த நான்கு வருஷமாகக் கடைக்காரிகள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது வருஷம் ஜெயித்த கையோடு, தோற்ற மலைக்காரிகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள், தெம்புக்கு என்று சொல்லி. அந்தப் பழத்தை ஒருத்தியும் தின்னவில்லை.

மலைக்காரிகள் பக்கம் வடத்தின் கடைசி ஆள் முனீஸ்வரி. கடைசி ஆள் என்றால் சும்மா இல்லை. முன்னால் நிற்கிற ஏழு பேரும் இழுப்பார்கள், வழுக்குவார்கள், மூச்சு வாங்குவார்கள்; கடைசி ஆள் மட்டும் அசையக் கூடாது. அவள் அசைந்தால் அணி போயிற்று. அந்த இடத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தாள் முனீஸ்வரி. நல்ல அகலம், நல்ல கனம். ஜீப்பிலும் அவளுக்குக் கடைசி இடம்தான். பின்பக்கக் கதவை ஒட்டி அவள் உட்கார்ந்தால், போடிமெட்டு வளைவுகளில் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே சரியாமல் அணை போட்டதுபோல் இருக்கும். பத்து வருஷமாக இரண்டு இடமும் அவளுடையவை.

போன வைகாசியில் வயிற்றில் கட்டி என்று சொல்லி அவளுடைய கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாற்பத்து மூன்று வயது. புரட்டாசியில் மறுபடி மலைக்கு வந்தபோது ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்கின. காலையில் ஒழுங்காகத்தான் இருப்பாள். பதினோரு மணி ஆனதும் கண் இருட்டிக்கொண்டு வரும். ஏலச் செடிக்குக் காய் பிடிப்பது அடியில், தூரில். நாள் முழுக்கத் தூருக்குத் தூர் குந்திக் குந்தித்தான் எடுக்க வேண்டும். குந்தினால் எழுந்திருக்க முடியாமல் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீப்பில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள், இரண்டு பக்கமும் ஆள் முட்டுக் கொடுத்து.

ஐப்பசியில், ஒருநாள் இறங்கி வரும்போது, ஜீப்பில் மூத்தவளான காளீஸ்வரி பேச்சை எடுத்தாள். அணியைச் சேர்க்கிற பொறுப்பு அவளுடையது.

"முனீசு, இந்த வருசம் நீ கைதட்டுனாப் போதும்த்தா. கடைசிக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்."

காளீஸ்வரி அதை ஆசையாகத்தான் சொன்னாள். முனீஸ்வரியும் சரி அக்கா என்று தலையாட்டினாள். அதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது அடுத்த வாரம் ஒரு காதுகுத்து வீட்டில்.

அவளுடைய நாத்தனார் அன்னக்கொடி, புருஷன் பால்பாண்டியின் தங்கை, கடைக்காரிகள் அணியின் தலைவி. அவர்கள் பக்கத்தில் வடத்தின் கடைசி ஆளும் அவளே. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஆபரேஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். எத்தனை நாள் வலித்தது, எத்தனை தையல், இப்போது குனிந்தால் இழுக்கிறதா என்று. முனீஸ்வரியும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அன்னக்கொடி பெருமூச்சு விட்டு, நாலு பேர் காதில் விழ, "மதினிக்கு இனி பலம் எங்கிட்டு இருந்து வரும், உள்ளதான் ஒண்ணும் இல்லையே, வெறுங்கூடு" என்றாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். முனீஸ்வரி இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இரக்கப்பட்டுச் சொன்னதற்கு என்ன செய்ய? அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நிஜமாகவே கூடுதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தும் விட்டாள். அப்புறம் அப்படி நினைத்ததற்காகவே தன்மேல் கோபம் வந்தது. இந்தப் பொங்கலுக்கு வடத்தின் கடைசியில் நின்றாக வேண்டும், நின்று அசையாமல் இருந்தாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கூச்சத்தோடு கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். புண் நன்றாக ஆறிவிட்டது, பொங்கலுக்குள் ஆறு மாதம் தாண்டிவிடும், சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகு, வலி இல்லையென்றால் இழு என்றார். குறை அங்கே இல்லை, சாப்பாட்டில்தான் இருக்கிறது என்றார். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். முனீஸ்வரி உள்ளதைச் சொன்னாள்: கிளம்பும்போது ஒரு காப்பி, பத்து மணிக்கு மலையில் புளிச்சோறு. டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முட்டை, பயறு, கடலை, பால் என்று சீட்டில் எழுதி, புரதம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

சீட்டு எழுதுவது சுலபம். காலை நாலரை மணிக்கு அவித்த முட்டையை வாயில் வைத்தால் முனீஸ்வரிக்குக் குமட்டியது. சுண்டலை மென்று முடிப்பதற்குள் ஜீப் வந்து ஆரன் அடித்தது. மலையில் வைத்துச் சாப்பிடலாமென்றால், காய்ப் பிசினும் மருந்து வாடையும் ஏறிய கையைக் கழுவ ஓடைக்கு இறங்கி ஏற வேண்டும். அதற்குள் இடைவேளை முடிந்துவிடும். கையில் பிடித்துக் கடித்துத் தின்கிற மாதிரி, வயிற்றில் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும். செல்போனில் தேடியதில் ஒரு பெண் பளபளவென்ற அடுப்படியில் நின்று, வீட்டிலேயே செய்யலாம் ஹெல்தி ஹை புரோட்டீன் பான்கேக் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்ஸ், புரோட்டீன் பவுடர், கெட்டித் தயிர், வெனிலா. முனீஸ்வரி போடியில் மருந்துக்கடையில் பவுடர் டப்பாவை எடுத்து விலையைப் பார்த்தாள். எடுத்ததைவிட மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

வீட்டில் இருப்பதை வைத்துச் செய்வோம் என்று இறங்கினாள். மொச்சை இருந்தது. மாட்டுக்கு வாங்கி வைத்த கொள்ளு இருந்தது. இரண்டையும் பச்சையாகவே மில்லில் கொடுத்து மாவாக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, கல்லில் தட்டினாள். வெந்து வந்ததைப் பால்பாண்டியின் தட்டில் வைத்தாள். அவன் நல்ல மனுஷன்; நல்லாத்தான் இருக்கு என்று சொன்னான். ஆனால் ஒரு வாய்க்கு அவன் மென்ற நேரத்தில் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிட்டாள். முட்டை வாடையும் போகவில்லை. ஏலக்காய் தட்டிப் போட்டால் போகும்தான். விடிந்ததிலிருந்து அடையும்வரை அந்த வாசத்திலேயே கிடக்கிறவளுக்கு அதைத் தின்னவும் வேண்டுமா? சுக்கைத் தட்டிப் போட்டாள்.

அந்த லட்சணத்தில் பெருமை வேறு. மறுநாள் எல்லோருக்கும் சேர்த்துச் சுட்டு, ஜீப் கிளம்பியதும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். தெம்பு என்றதும் எல்லோரும் வாங்கித் தின்றார்கள். போடி தாண்டி மலையேறத் தொடங்கியபோது ஒன்றுமில்லை. மூன்றாவது வளைவில் ஒருத்தி வயிற்றைப் பிடித்தாள். ஐந்தாவது வளைவில் பேச்சு நின்றது. ஏழாவது வளைவில் டிரைவர் லிங்கேஸ்வரன் தானாகவே வண்டியை ஓரம் கட்டி, பின்பக்கத் தார்ப்பாயை முழுக்கச் சுருட்டிக் கட்டிவிட்டு, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தூரமாகப் போய் நின்றான். பதினேழு வளைவுக்குள் வண்டி நான்கு இடத்தில் நின்றது. எஸ்டேட்டில் கால் மணி நேரம் தாமதம். காரணத்தைச் சொல்ல முடியாமல் டயர் பஞ்சர் என்றார்கள்.

"அக்கா, இனி அது வண்டியில ஏறுச்சுன்னா நான் ஏற மாட்டேன்" என்றான் லிங்கேஸ்வரன்.

அந்த வாரம் முழுக்க முனீஸ்வரியின் தலை உருண்டது. சேதி போடிக்கும் போய்விட்டது. தரம் பிரிக்கிற இடத்தில் மலைக்காரிகள் காற்றடைத்துக்கொண்டு வடம் இழுக்கப் போகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். இன்னொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். முனீஸ்வரிக்கோ அந்தச் சிரிப்பு விறகாக வந்து சேர்ந்தது.

தப்பு எங்கே என்று யோசித்தாள். யோசிக்க ரொம்ப இல்லை. பயறைச் சுண்டலுக்கு ஊற வைக்காமல் அவிப்பாளா ஒருத்தி? வெளிநாட்டுப் பேர் கேட்டதும் உள்ளூர்ப் புத்தி ஓடிப்போயிருந்தது. இந்தத் தடவை மொச்சையையும் கொள்ளையும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்தாள். முளைத்ததைக் குக்கரில் குழைய வேகவைத்து, இஞ்சி, பூண்டு, பெருங்காயம் சேர்த்து அரைத்தாள். வறுத்த கடலையைத் தூளாக்கிக் கலந்தாள். அரைத்ததைப் பிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் வேலை பாதி.

மீதி வேலை பால்பாண்டியுடையது. செல்போன் பெண் முட்டையின் வெள்ளைக் கருவைத் தனியாக எடுத்து மெஷினில் நுரைக்க அடித்திருந்தாள். இவர்களிடம் மெஷின் இல்லை, மோர் மத்து இருந்தது. பால்பாண்டி பாத்திரத்தை இரண்டு காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மத்தை உருட்டினான். வடம் இழுக்கப் போறது நீ, தோள்பட்டை வலிக்கிறது எனக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே உருட்டினான். கவிழ்த்தால் விழாத அளவுக்கு நுரை கட்டியது. அதை அரைத்த விழுதோடு மெல்லக் கலந்து, கல்லில் ஊற்றி மூடினாள். மூடியைத் திறந்தபோது விரல் கனத்துக்கு உப்பி, பொன்னிறமாக, மெத்தென்று உட்கார்ந்திருந்தது. பால்பாண்டி பிய்த்து வாயில் போட்டான். இந்த முறை மென்று முடிப்பதற்குள் இரண்டாவதுக்குத் தட்டை நீட்டினான். முனீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சந்தோஷத்தில் அழுதது அன்றுதான்.

காலையில் இரண்டு. மலையில் பத்து மணிக்கு இரண்டு, வாழையிலையில் சுருட்டி. இலையைப் பிடித்துக்கொண்டே கடித்தால் கை படாது, ஓடைக்கும் இறங்க வேண்டாம். சாயங்காலம் ஒரு டம்ளர் பாலோடு இன்னொன்று. பத்து நாளில் பதினோரு மணி இருட்டு போயிற்று. இருபது நாளில் குந்தியவள் செடியைப் பிடிக்காமல் எழுந்தாள். கார்த்திகை முடிவதற்குள் ரவிக்கைகள் அளவுக்கு வந்துவிட்டன. டாக்டரம்மா சொன்னபடி சுமையையும் கூட்டினாள். முதலில் கால் சாக்கு, அப்புறம் அரைச் சாக்கு, எடை போடுகிற இடத்துக்குச் சரிவில் சுமந்தாள்.

காளீஸ்வரி இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மார்கழி முதல் வாரம் ஒருநாள் கீழ்ச்சரிவில் இருந்து முழுச் சாக்குப் பச்சைக் காயை முனீஸ்வரி தூக்கித் தலையில் வைத்தாள். பாதி வழியில், எடை போடுகிற மலையாளத்துக்காரர் மேலே இருந்து பார்த்துப் பதறி, மதி, மதி, இறக்கு என்று கத்தினார். போதுமாம். முனீஸ்வரிக்குப் போதவில்லை. ஒரு இடத்திலும் இறக்காமல் ஏறி வந்து தராசுக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டாள். மூச்சு வாங்கியது, கண் தெளிவாக இருந்தது.

அன்று ஜீப்பில் ஏறும்போது காளீஸ்வரி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, கதவோர இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "உக்காரு. வடத்துக்கும் நீதான் கடைசி. அந்தப் பண்டத்த எங்களுக்கும் கத்துக் குடு" என்றாள். அடுத்த நாளிலிருந்து சிலமலையில் எட்டு வீட்டு அடுப்படியில் மொச்சை முளைத்தது. எட்டுப் புருஷன்மார் மத்து உருட்டினார்கள். லிங்கேஸ்வரன் முதல் இரண்டு நாள் பயந்துபோய் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் தனக்கும் ஒன்று கேட்டான்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே நின்றது. மூன்று இழுப்பு, அதில் இரண்டை ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் அண்டா. நடுவில் சுண்ணாம்புக் கோடு. இந்தக் கடைசியில் முனீஸ்வரி, வடத்தை முதுகைச் சுற்றி அக்குளுக்கடியில் வாங்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கடைசியில் அன்னக்கொடி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மலைபோல் நின்றாள். கடைக்காரிகள் இந்த வருஷமும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தார்கள்.

முதல் இழுப்பில் மலைக்காரிகள் தோற்றார்கள். ஓரத்தில் நின்ற ஆண்கள் நிமிர்ந்து நில்லுங்க, சாஞ்சு இழுங்க என்று கத்த, அதைக் கேட்டு எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவுடன் வடம் பறித்துக்கொண்டு போனது. கடைக்காரிகள் பக்கத்தில் ஒரே கும்மாளம். காளீஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. முனீஸ்வரிக்கு மட்டும் ஒன்று விளங்கியது. நான்கு வருஷமும் இப்படித்தான் தோற்றிருக்கிறார்கள், ஆண்கள் பேச்சைக் கேட்டு, ஆண்கள் இழுக்கிற மாதிரி இழுத்து. வருஷத்தில் ஆறு மாதம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சரிவில் குந்தி வேலை செய்கிறவர்கள் எதற்கு நிமிர வேண்டும்?

இரண்டாவது இழுப்புக்கு விசில் ஊதியதும் அவள் கத்தினாள். "தூருல உக்காருங்கடி."

எட்டுப் பேரும் ஒன்றுபோலக் குந்தினார்கள், செடிக்கடியில் குந்துகிற அதே குந்தல், குதிகால் மண்ணில் புதைய. கடைக்காரிகள் இழுத்தார்கள். எதிரே இருந்தவர்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எழுந்திரிங்க எழுந்திரிங்க என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருத்தி காதிலும் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் மூச்சு விட்ட நேரமாகப் பார்த்து, அடுத்த தூருக்கு நகர்கிற மாதிரி குந்தியபடியே ஒரு எட்டு பின்னால் வைத்தார்கள். இன்னொரு எட்டு. கடைக்காரிகள் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள்.

மூன்றாவது இழுப்பில் அன்னக்கொடியும் விழித்துக்கொண்டாள். தன் ஆட்களையும் தாழ நிற்க வைத்தாள். வடம் விறைத்து நின்றது, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நேரம் போகப் போக முன்னால் இருக்கிறவர்களின் கை நடுங்குவது வடம் வழியாக முனீஸ்வரிக்குத் தெரிந்தது. ஒருத்தி வழுக்கினாள். மொத்தக் கனமும் முனீஸ்வரியின் முதுகில் வந்து இறங்கியது. தையல் போட்ட இடம் இழுத்தது. ஐயோ, பிரிந்துவிடுமோ என்று நெஞ்சு ஒரு கணம் பதறியது. பிரியவில்லை. வலிக்கவும் இல்லை. அந்த இடத்துக்குள்ளிருந்து, அடிவயிற்றின் ஆழத்திலிருந்து, கெட்டியாக ஒரு பலம் திரண்டு தொடைக்கு இறங்கியது. தன் உடம்பு முழுசாக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. வழுக்கியவள் எழுந்து பிடிக்கிறவரை எதிர்ப்பக்கத்து எட்டுப் பேர் கனத்தையும் ஒற்றை ஆளாகத் தாங்கினாள். அப்புறம் குதிகாலை ஊன்றி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். ஏழு பேரும் வந்தார்கள். இன்னொரு எட்டு, இன்னொரு எட்டு, அவ்வளவுதான். அன்னக்கொடி குப்புற விழுந்து, வடத்தை விடாமல் கோடுவரை புழுதியோடு வந்து சேர்ந்தாள்.

மைதானம் அதிர்ந்தது. காளீஸ்வரி அண்டாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு ஆடினாள். லிங்கேஸ்வரன் ஜீப் ஆரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பால்பாண்டி, தங்கை தோற்றதற்கு அழுவதா பெண்டாட்டி ஜெயித்ததற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு நின்றான். முனீஸ்வரி வடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அன்னக்கொடியிடம் போய்க் கை கொடுத்து எழுப்பினாள். சொல்ல வேண்டியதை மூன்று மாதமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறக்குமுன் அன்னக்கொடி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வலிக்கலையா மதினி?"

இல்லை என்றாள் முனீஸ்வரி. அன்னக்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். கத்தல் நடுவே யாருக்கும் கேட்காது. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் எடுக்கணும்னு ஆவணியிலயே சொல்லிட்டாங்க. பயந்துக்கிட்டு வீட்டுல சொல்லல. அண்ணனுக்குக்கூடத் தெரியாது."

முனீஸ்வரி சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அப்படியே விட்டாள். அன்னக்கொடியின் முகத்தில் ஒட்டியிருந்த புழுதியை முந்தானையால் துடைத்துவிட்டாள். தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போயி எடுத்துட்டு வா. ஆறு மாசம் நான் சுட்டுப் போடுறேன். வர்ற பொங்கலுக்குக் கடைசியில நின்னு என்னைய இழு பாப்போம்."

அன்னக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். முனீஸ்வரி சொன்னது சொன்னதுதான், ஆறு மாதமும் நுரை கட்ட அடித்துச் சுட்டுக் கொடுக்கத்தான் போகிறாள். ஆனால் வருகிற பொங்கலிலும் நாத்தனாரை ஜெயிக்க விடுகிற எண்ணம் மட்டும் அவளுக்கு இல்லை.